புலப்படாத ஊனம்: மூளைக் காயமுற்றோரும் அரசின் சிக்கனமும்

எவரை ஊனமுற்றோர் என ஒரு சமூகம் ஏற்றுக்கொள்கின்றது என்பதை மருத்துவ அறிவு தனித்து நின்று தீர்மானிப்பதில்லை; திறைசேரியின் நிலையும் அதிற் பங்கு கொள்கின்றது. செல்வம் பெருகிய காலங்களில் விரிந்து சென்ற ஊனத்தின் வரைவிலக்கணம், பொருளாதார மந்தம் வந்துற்ற வேளைகளிற் சுருங்கியமைக்கு இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றிலும் அதன் பின்னரும் சான்றுகள் உள. அங்ஙனம் சுருங்குகையில் எல்லைக் கோட்டிற்கு வெளியே முதலில் தள்ளப்படுவோர் யாவர் என்பது ஆராய வேண்டிய வினா. மூளையிற் காயமுற்று உயிர் தப்பியோரின் வரலாறு அவ்வினாவிற்கு ஒரு விடையைத் தருகின்றது. அவர்களுக்கான சேவைகள் ஜேர்மனியின் போர்க்கால நிறுவனங்களிலே முளைவிட்டன. பின்னர் பிரித்தானியாவிலே குடும்பத்தவரின் முயற்சியால் வளர்ந்தன. 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அங்கே கடுஞ் சோதனைக்குள்ளாயின.

அங்கவீனம் என்ற சொல்லையே முதற்கண் நோக்கலாம். அங்கத்தின் குறைபாட்டையே அச்சொல் சுட்டும். கையும் காலும் கண்ணும் செவியும் குறையாது, நடந்தும் பேசியும் திரியும் ஒருவருக்கு அதில் இடமில்லை. ஆயின், வீதி விபத்தினாலோ, பாரிசவாதத்தினாலோ, மூளைக்கு ஒட்சிசன் கிட்டாமையாலோ மூளை பழுதுற்ற ஒருவரிடம் நினைவு, கவனம், செயல்களைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்தும் திறன், சினத்தை அடக்கும் வலு ஆகியன குன்றிவிடக்கூடும். தம்மிடம் குறையுண்டு என்பதை உணரும் உணர்வே சிலரிடம் இல்லாது போகின்றது. இவ்விழப்பை அறிபவர் பெரும்பாலும் உடன் வாழும் மனைவியோ தாயோ ஆவர். அவர்தம் சாட்சியத்திற்கோ அலுவலகங்களிற் பெறுமதி குறைவு.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பீனியஸ் கேஜ் என்பாரின் கதையிலும் இவ்வேறுபாடு தெரிகின்றது. 1848 செப்டெம்பர் 13 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்திற் புகையிரதப் பாதை அமைக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தபோது, வெடிமருந்து திணிக்கும் இரும்புக் கோல் அவரது கன்னத்தினூடாகப் புகுந்து மண்டையின் மேற்புறத்தால் வெளியேறியது. அவர் உயிர் பிழைத்த அற்புதத்தை மருத்துவர் ஜோன் ஹார்லோ அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். கேஜின் குணவியல்பு மாறியமையை அவர் விரித்தெழுதியதோ 1868 இல், கேஜ் இறந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னராகும். மண்டையின் துவாரம் உடனே செய்தியாயிற்று. மனத்தின் மாற்றம் செய்தியாவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. (கேஜ் வாழ்நாள் முழுதும் நாடோடியாய்ச் சீரழிந்தார் எனப் பாடநூல்கள் சில கூறுவது மிகை. அவர் சிலி நாட்டிற் பல்லாண்டு குதிரை வண்டியோட்டியாகத் தொழில் புரிந்தவர்.)

தனி மனிதரின் விசித்திரக் கதையாக இருந்த இக்காயம் சமூகப் பிரச்சினையாக உருவெடுத்தது முதலாம் உலகப் போரின்போதாகும். துப்பாக்கிக் குண்டும் எறிகணைச் சிதறலும் துளைத்த மண்டையுடன் ஆயிரக்கணக்கான இளைஞர் போர்முனையிலிருந்து மீண்டனர். ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் நரம்பியல் அறிஞர் குர்ட் கோல்ட்ஸ்ரைன் 1916 இல் இவர்களுக்கென நிறுவனமொன்றை அமைத்தார். வைத்தியசாலை, உளவியல் ஆய்வுகூடம், தொழிற் பயிற்சிப் பட்டறை ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே இயங்கின. காயம் ஆறியதும் பணி முடிந்தது என்னாது, காயமுற்றவர் மீண்டும் ஒரு தொழிலைச் செய்து வாழ்தலே சிகிச்சையின் முடிவு என்ற நோக்கு அங்கே நடைமுறைக்கு வந்தது. 1919 இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சிகிச்சை, பராமரிப்பு, மதிப்பீடு என்னும் மூன்று சொற்கள் இடம்பெற்றன. மூன்றாவது சொல் கவனிக்கத்தக்கது. ஓய்வூதியம் பெறவேண்டின் ஊனத்தின் அளவை எவரேனும் மதிப்பிட்டாக வேண்டும். அம்மதிப்பீடு பிழைப்பின் ஏனைய இரண்டும் கிட்டா.

கோல்ட்ஸ்ரைன் கண்டறிந்தவற்றுள் ஒன்று ஈண்டு குறிப்பிடத்தக்கது. காயமுற்ற படைவீரர் பலர் தம் உடைமைகளை அளவிறந்த ஒழுங்குடன் அடுக்கி வைத்தனர். பார்வையிட வருவோர் இதனைப் படைப் பயிற்சியின் நல்விளைவு எனக் கருதியிருத்தல் கூடும். உண்மையில் அவ்வொழுங்கு ஓர் அரணாகும். எதிர்பாராத எதனையும் சமாளிக்க இயலாத மூளை, எதிர்பாராதது எதுவும் நேராதவாறு தன் சுற்றாடலைச் சுருக்கிக்கொண்டது. அவ்வொழுங்கு குலைந்தால் அவர்கள் நடுங்கினர், சினந்தனர், செயலிழந்தனர். அமைதியான அறையிலே பழகிய வினாக்களுக்கு விடையளிக்கும் ஒருவர், சந்தடி மிகுந்த தொழிற்சாலையில் ஒருநாளும் தாக்குப்பிடியார் என்பதை அவர் வற்புறுத்தினார். ஒரு மனிதரின் ஆற்றலை ஒரு மணி நேரச் சந்திப்பில் அளக்க முடியாது என்ற உண்மை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு எழுத்தில் வந்துவிட்டது.

எழுத்தில் வந்தது அரசின் கணக்கில் வரவில்லை. 1920 இல் ஜேர்மன் குடியரசு இயற்றிய போர்க்காயமுற்றோர் சட்டம் அக்கால நிலையிற் தாராளமானதே. எனினும் அது உழைக்கும் ஆற்றலின் இழப்பை விழுக்காட்டினால் அளந்தது. பணவீக்கம் உச்சத்தையடைந்த 1923 இல் 25 விழுக்காட்டிற்குக் குறைந்த ஊனமுடையோர் ஓய்வூதியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்து, வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தையெட்டிய வேளையில், 1930 தொடக்கம் 1932 வரை பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணைகள் எஞ்சியோரின் ஓய்வூதியத்தையும் வெட்டின. விழுக்காட்டு அளவுகோல் வெட்டுண்ட விரல்களை எண்ணுதற்கு ஏற்றது. மறதியையும் சினத்தையும் அதனால் எங்ஙனம் அளப்பது? யூதரான கோல்ட்ஸ்ரைன் 1933 இல் நாற்சிகளாற் கைது செய்யப்பட்டு, நாட்டைவிட்டு அகலுமாறு பணிக்கப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வறிவு வேறு நாடுகளிலே தொடர்ந்தது. சோவியத் நாட்டின் யூரல் பிரதேச வைத்தியசாலையில் அலெக்சாந்தர் லூரியா பணியாற்றினார். 1943 மார்ச்சில் தலையிற் குண்டடிபட்ட சசெத்ஸ்கி என்ற இளைஞரின் வரலாற்றை அவர் பின்னர் நூலாக்கினார். தாம் எழுதியதைத் தாமே வாசிக்க இயலாது இடருற்ற அவ்விளைஞர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக மூவாயிரம் பக்கங்கள் எழுதினார். தமக்கு நேர்ந்தது யாதென மற்றவர்க்கு விளக்குதற்கு அவருக்கு அத்தனை பக்கங்கள் தேவைப்பட்டன.

பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் சென் ஹியூஸ் கல்லூரி 1940 இல் தலைக்காயப் படை வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. அதனை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். அரேபியாவின் லோரன்ஸ் எனப் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்திற் சிக்கி ஆறு நாட்கள் நினைவற்றிருந்து இறந்தபோது சிகிச்சையளித்த மருத்துவர்களுள் இவரும் ஒருவர். அதன் பின் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941 இல் இவர் எழுதினார். படையினருக்கு அவ்வாண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அச்சட்டம் 1973 இலேதான் வந்தது.

போருக்குப் பின்னர் மோட்டார் வாகனம் பெருகியது, தலைக்காயமும் பெருகியது. ஆயின் மருத்துவம் அதனினும் விரைந்து முன்னேறிற்று. மண்டையைத் திறவாமலே மூளையைப் படம் பிடிக்கும் கருவி 1971 ஒக்ரோபரில் இலண்டன் விம்பிள்டன் வைத்தியசாலையொன்றில் முதன்முதல் நோயாளி ஒருவரிடம் பயன்படுத்தப்பட்டது. 1974 இல் கிளாஸ்கோ நகரின் ரீஸ்டேலும் ஜெனற்றும் நினைவிழப்பின் ஆழத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். முன்னர் இறந்திருக்கக்கூடிய பலர் இப்போது வீடு திரும்பினர். வீட்டில் அவர்களுக்கு யாது நேர்ந்தது என்பதை அதே கிளாஸ்கோ நகரில் நீல் புறூக்ஸ் தலைமையிலான உளவியலாளர் குழுவொன்று தொடர்ந்து ஆராய்ந்தது. கடுங் காயமுற்றோரின் உறவினரை வினவியபோது, குணம் மாறிவிட்டது என ஓராண்டின் பின் கூறியோர் 60 விழுக்காட்டினர். ஐந்தாண்டுகளின் பின் கூறியோர் 74 விழுக்காட்டினர். காலம் செல்லச் செல்லக் குறையுமென எதிர்பார்த்த சுமை கூடியது. உயிர் காக்கும் வித்தைக்கு அரசு செலவிட்டது. காக்கப்பட்ட உயிர் வாழ்வதற்கான செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

ஆகவே அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் மருத்துவர்களல்லர், குடும்பத்தவரே. 1979 இல் பிரித்தானியாவில் ஹெட்வே என்னும் சங்கம் தோன்றிற்று. ஐக்கிய அமெரிக்காவிலும் மறு ஆண்டில் இத்தகைய சங்கமொன்றை, மகளொருத்தி விபத்திற் காயமுற்ற பெற்றோர் நிறுவினர். நொட்டிங்காமைத் தலைமையகமாகக் கொண்ட ஹெட்வே காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர்க் கிளைகளாகவும் குழுக்களாகவும் பரவிற்று. பகல் நிலையங்களிற் காயமுற்றோர் கூடினர். சமைக்கவும், பஸ்ஸில் ஏறிச் செல்லவும், நாட்குறிப்பை நினைவுக்குத் துணையாக்கவும் மீண்டும் கற்றனர். அந்நேரத்தில் வீட்டிலுள்ளோர் சற்று இளைப்பாறினர். இந்நிலையங்களுக்கான பணத்தில் ஒரு பகுதி நன்கொடையாகவும், மறு பகுதி உள்ளூராட்சி மன்றங்கள் செலுத்திய கட்டணமாகவும் வந்தது. இத்துடன் 1988 இல் சுயாதீன வாழ்க்கை நிதியமும், 1992 இல் ஊனமுற்றோர் வாழ்க்கைக் கொடுப்பனவும் நிறுவப்பட்டன. குடும்பத்தின் உழைப்பும் அரசின் பணமும் பின்னிய இவ்வமைப்பு உறுதியானதாகத் தோன்றிற்று. ஒரு நூலை உருவினால் மற்றது தளரும் என்பது 2010 வரை சோதிக்கப்படவில்லை.

2008 இல் வங்கிகள் சரிந்தன. அவற்றைத் தாங்குவதற்கு அரசு பெருந்தொகையைச் செலவிட்டது, கடன் ஏறியது. 2010 இற் பதவியேற்ற கூட்டரசாங்கம் அவ்வாண்டு ஒக்ரோபரில் ஏறத்தாழ 8,100 கோடி பவுண் செலவுக் குறைப்பை அறிவித்தது. வங்கியில் நேர்ந்த தவறுக்கும் பகல் நிலையத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை எனினும் சுமை இறங்கிய திசை அதுவே. 2010-11 முதல் 2017-18 வரை இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு நடுவண் அரசு வழங்கிய நிதி உண்மைப் பெறுமதியில் 49 விழுக்காடு வீழ்ந்ததெனத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கணித்தது. தேவைகளைக் குறைந்தவை, மிதமானவை, கணிசமானவை, மிகக் கடியவை என நான்காக வகுத்திருந்த மன்றங்களுட் பல, முதலிரு வகையினரைக் கைவிட்டன. தாமாக உண்டு உடுத்து நடக்கும் மூளைக் காயமுற்றவர் எவ்வகையில் அடங்குவார் என்பதை ஊகித்தல் அரிதன்று.

மிகப் பெரிய மாற்றம் மதிப்பீட்டிலே நேர்ந்தது. ஊனமுற்றோர் வாழ்க்கைக் கொடுப்பனவிற்கான செலவை ஐந்திலொரு பங்கு குறைத்தல் என்ற இலக்கு 2010 யூன் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் அறிவிக்கப்பட்டது. அதற்கேற்ற மதிப்பீட்டு முறை பின்னர் வகுக்கப்பட்டது. இவ்வொழுங்கு வரிசை தற்செயலானதன்று எனவே தோன்றுகின்றது. 2013 ஏப்ரல் முதல், உழைக்கும் வயதினருக்குப் பழைய கொடுப்பனவின் இடத்திற் புதியதொன்று படிப்படியாகப் புகுத்தப்பட்டது. பன்னிரண்டு செயல்களுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 8 புள்ளி பெற்றால் ஒரு தொகை, 12 பெற்றால் கூடிய தொகை. தனியார் கம்பெனிகளின் ஊழியர் விண்ணப்பதாரரை நேரிற் கண்டு அறிக்கை எழுதினர். பழைய முறையில் 50 மீற்றராகக் கொள்ளப்பட்டுவந்த நடைதூர எல்லை, நடமாட்டத்திற்கான உயர் தொகைக்கு 20 மீற்றராகச் சுருங்கிற்று.

விதிகளை நேர்மையாக நோக்கின், பிறர் தூண்டுதலோ மேற்பார்வையோ வேண்டுவோருக்கும் அவற்றிற் புள்ளிகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குருட்டுத்தன்மை தாளில் இருந்ததைவிடச் சந்திப்பில் அதிகம் இருந்தது. மூளையின் முன்மடல் பழுதுற்ற ஒருவரிடம் சமைக்க முடியுமா என்று வினவினால், முடியும் என்பார். அவர் பொய் கூறவில்லை. சமைக்கும் முறையை அவரால் ஒழுங்காக எடுத்துரைக்கவும் முடியும். அடுப்பை மூட்டிவிட்டு அதனை மறந்து வெளியே போய்விடுவதை அவர் கூறார். அது அவர் நினைவில் இல்லை. சொல்லில் விளங்கும் திறமை செயலில் மறைந்துவிடும் இம்முரண்பாட்டை மூளைக் காய நிபுணர் நன்கறிவர். ஆயின் மதிப்பிட வந்தவர் எல்லா வகை நோய்களையும் மதிப்பிடும் பொது ஊழியர். முன்னிருப்பவரோ நன்கு உடுத்து, தெளிவாகப் பேசி, நேரத்திற்கு வந்திருக்கின்றார். அவரை எழுப்பி, உடுக்கச் செய்து, அழைத்து வந்தவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவி. கோல்ட்ஸ்ரைனின் நோயாளரது ஒழுங்கான அலுமாரிகளைக் கண்டு ஏமாறுவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

புலப்படும் ஊனமும் புலப்படா ஊனமும் அரசியலில் எவ்வளவு வேறுபட்ட வலுவுடையன என்பதை அண்டை நாடான அயர்லாந்தின் நிகழ்ச்சியொன்று உணர்த்துகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் 2010 இற் கடன் பெற்ற அந்நாடு, 2012 ஓகஸ்ட் இறுதியிற் சுகாதாரச் செலவுக் குறைப்பை அறிவித்தது. ஊனமுற்றோரின் தனிப்பட்ட உதவியாளர் சேவையிலிருந்து ஒரு கோடி யூரோ வெட்டப்படவிருந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் ஊனமுற்றோர் பலர் சக்கர நாற்காலிகளில் வந்து டப்ளின் அரசாங்க மாளிகை முன்றலில் இரவிலும் அகலாது இருந்தனர். ஒரு வாரம் கழியுமுன் அவ்வெட்டு மீளப்பெறப்பட்டது. அவர்களது துணிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் படக் கருவியின் முன் சக்கர நாற்காலி தானே பேசும். கூட்டத்தின் இரைச்சலைத் தாங்க மாட்டாத, திகதியை மறந்துவிடுகின்ற, சோர்வினால் நண்பகலிலேயே படுக்கையில் விழுகின்ற ஒருவர் இத்தகைய போராட்டத்தில் எங்ஙனம் நிற்பார்? நின்றாலும் அவரிடம் யாது குறையென்று பார்ப்போர் கேட்பர். அவருக்காக நிற்கவேண்டியவர் ஏற்கெனவே களைத்துப்போன குடும்பத்தவர்.

பிரித்தானியாவில் எதிர்ப்பு வேறு வழிகளிற் சென்றது. சுயாதீன வாழ்க்கை நிதியத்தை மூடும் முடிவு சட்டத்திற்கு முரணானது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. அரசு அம்முடிவை மறுபடியும் எடுத்து, 2015 யூன் 30 ஆம் திகதி நிதியத்தை மூடியது. ஏறத்தாழ 18,000 பேரின் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது. ஸ்கொட்லாந்து மட்டும் தனக்கெனத் தனி நிதியம் அமைத்துக்கொண்டது. 2016 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட மேலுமொரு வெட்டு, அமைச்சர் இயன் டன்கன் சிமித் பதவி துறந்ததையடுத்துக் கைவிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், ஊனமுற்றோரின் உரிமைகள் கடுமையாகவோ முறைமையாகவோ மீறப்பட்டுள்ளமைக்கு நம்பத்தகுந்த சான்றுண்டு என ஐக்கிய நாடுகளின் குழு அறிக்கையிட்டது. அரசு அவ்வறிக்கையை ஏற்கவில்லை.

எனினும் புலப்படா ஊனத்தைப் பொறுத்தவரை இவையெல்லாவற்றினும் முக்கியமானது 2017 டிசெம்பர்த் தீர்ப்பாகும். உளத் துயரினாற் பயணம் செய்ய இயலாதோருக்குக் கூடிய புள்ளிகளை மறுத்து அவ்வாண்டு மார்ச்சில் அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தது. அஃது பாரபட்சமானதென உயர் நீதிமன்றம் கூறிற்று. அரசு மேன்முறையீடு செய்யாது, ஏறத்தாழ 16 இலட்சம் கோப்புகளை மீளாய்வு செய்வதாக 2018 சனவரியில் அறிவித்தது. காலின் ஊனத்திற்கும் மனத்தின் ஊனத்திற்கும் இடையே கோடு கிழித்துப் பணத்தை மிச்சம் பிடிக்க முனைந்த செயலை ஒரு நீதிமன்றம் அப்பெயரிட்டே கண்டித்தமை புதிது.

இக்காலப் பகுதியிற் ஹெட்வே போன்ற சங்கங்கள் விழிப்புணர்வுப் பணியிலே கூடிய கவனம் செலுத்தியதன் காரணம் இப்போது விளங்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில் அவை நடாத்தும் மூளைக் காய வாரம் வெறும் விளம்பரமன்று. அறியப்படாத ஊனத்திற்குப் புள்ளியில்லை, புள்ளியில்லையேற் பணமில்லை, பணமில்லையேற் பகல் நிலையமில்லை. 2016-17 இல் மட்டும் பிரித்தானிய வைத்தியசாலைகளில் மூளைக் காயத்துடன் அனுமதிக்கப்பட்டமை ஏறத்தாழ 350,000 தடவை என அச்சங்கம் கணக்கிட்டது. 2018 செப்டெம்பரில் பாராளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழுவொன்று, கிறிஸ் பிரையன்றின் தலைமையில், வைத்தியசாலையை விட்டு நீங்கும் ஒவ்வொருவருக்கும் புனர்வாழ்வுப் பரிந்துரைப் பத்திரம் வழங்கப்படவேண்டும் எனவும், கொடுப்பனவு மதிப்பீடு செய்வோர் மூளைக் காயம் பற்றிப் பயிற்சி பெறவேண்டும் எனவும் கேட்டது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹெட்வே மிக எளிய வேறொரு வழியையும் கண்டிருந்தது. 2017 இல் இளவரசர் ஹரி தொடக்கி வைத்த அத்திட்டத்தின்படி, மூளைக் காயமுற்றோருக்கு ஓர் அடையாள அட்டை வழங்கப்படுகின்றது. தள்ளாடி நடப்பவரையும் சொற் குழறுபவரையும் மது அருந்தியவர் எனப் பொலிசார் கொள்வதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சட்டைப் பையில் அடங்கும் அவ்வட்டையில் உரியவரின் படமும், அவருக்கு எவ்வெவற்றில் உதவி வேண்டும் என்ற குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். வினவும் வேளையில் விளக்கிச் சொல்ல இயலாதவர் அதனை எடுத்து நீட்டலாம்.